உழாமல் விட்ட மூலை

கீழமருதூர்,
12-3-1974

அன்பு மகள் செவ்வந்திக்கு, அப்பா நல்லக்கண்ணு எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். அவள் முழங்கால் மட்டும் நலமில்லை. அதை எழுதாவிட்டால் எனக்கு இன்று சோறு கிடையாது. மாப்பிள்ளை இராஜாங்கத்தைக் கேட்டதாகச் சொல்லு.

நமக்குப் பட்டா வந்துவிட்டது. சங்கத்தில் கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போனதற்கு ஒன்றரை ஏக்கர். பண்ணையார் பஞ்சநதம் நில உச்சவரம்புச் சட்டத்தில் விட்டுக்கொடுத்த நிலம். நல்லதையா கொடுப்பார்? சுத்தக் களர். வெயில் ஏறினால் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. தை மாதம் அதிகாரி பார்க்க வருவார். அதற்குள் பச்சை தெரியாவிட்டால் பட்டா ரத்தாம். சீக்கிரம் வளர்கிற எதையாவது வைத்தாக வேண்டும். நீ எஸ்டேட்டில் நாற்றங்கால் வேலை பார்ப்பவள். எது வரும், சொல்லு.

உன் அப்பா,
நல்லக்கண்ணு

---

வால்பாறை,
2-4-1974

அன்புள்ள அப்பாவுக்கு, செவ்வந்தியின் வணக்கம்.

உங்கள் கடிதத்தை அவருக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். "இனிமே உங்கப்பா மிராசுதாரு, நம்மள மதிப்பாரா?" என்று கேலி செய்கிறார். எனக்கு ஐந்து மாதம். பிள்ளை நம் சொந்த வரப்பில் நடக்கும் என்று நினைத்தாலே அழுகை வருகிறது.

இங்கே மண் கெட்டுப்போனால் சுண்ணாம்பு போடுவோம். அடுத்த மழைக்கு எல்லாம் கிளம்பிவிடும். தரங்கம்பாடிப் பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்குமே, வாங்கி நிலம் முழுக்கத் தூவுங்கள். தேயிலைக்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக் விதை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். மளமளவென்று வளரும். ஒவ்வொரு விதையும் நானே பொறுக்கியது.

உங்கள் மகள்,
செவ்வந்தி

---

கீழமருதூர்,
20-10-1974

அன்பு மகளுக்கு,

பேரனுக்கு என் மூக்கு என்று எழுதியிருந்தாய். பாவம், அவன் என்ன செய்வான்.

சுண்ணாம்பு போட்டாயிற்று. உன் மரங்கள் இடுப்பளவு நிற்கின்றன. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்கிறார்கள். வேளாண்மை ஆபீசர் அப்துல் வஹாப் வந்தார். நம் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, சின்னக் காகிதம் ஒன்றைத் தோய்த்தார். அது நீலமாக மாறியது. அவர் சொன்னதை நேரில் சொல்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

---

வால்பாறை,
9-3-1975

அப்பா,

தந்தி கிடைத்திருக்கும். உங்களால் வர முடியாது என்று தெரியும். பாறை வழுக்கி விழுந்த உங்கள் மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். இன்றோடு பதினான்கு நாள்.

அவர் வேலையை எனக்குத் தருவதாக மேனேஜர் சொன்னார். எனக்கு ஊரில் நிலம் இருக்கிறது, மரம் இடுப்பளவு நிற்கிறது என்று சொன்னேன். எஸ்டேட் பதிவேட்டிலிருந்து என் பேரையும் வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாதக் கடைசியில் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த மரத்தடியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டால் போதும். பிள்ளையோடு வந்துவிடட்டுமா அப்பா?

செவ்வந்தி

---

கீழமருதூர்,
17-3-1975

கண்ணு,

நிலம் இல்லை. தை மாதமே போய்விட்டது.

உங்கள் மலை மண் புளிப்பு மண்ணாம். அதற்குச் சுண்ணாம்பு மருந்து. நம்முடையது நேர் எதிராம். சுண்ணாம்பு போட்டது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய கதையாயிற்று. அந்த நீலக் காகிதத்தைக் காட்டி ஆபீசர் சொன்னது அதுதான். ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைக் கட்டி வடிய விட்டு, முழுக்க உழுது தக்கைப்பூண்டு என்கிற உரச்செடியை விதைக்கச் சொன்னார். களரிலும் வரும், நாற்பத்தைந்து நாளில் இடுப்பளவு நிற்கும், தைக்குள் பச்சை காட்டிவிடலாம் என்றார். விதையும் அவரே தந்தார்.

அப்போது ஒரு மூலையில் உன் செடி பதினொன்று முளைத்திருந்தது. இரண்டு விரல் உயரம்தான். உழுதால் அது போய்விடுமே. மூலையை மட்டும் விட்டாலும் வயலில் கட்டுகிற தண்ணீரில் அழுகிவிடும். "ஒத்த ஏருல முடியற வேலைங்க" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு மனம் வரவில்லை, நிலம் முழுவதையும் உழாமல் விட்டேன். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். வந்த அதிகாரி பார்த்தது பதினோரு குச்சிகளைத்தான்.

நீ வருத்தப்படுவாயே என்று பொய் எழுதினேன். அந்தப் பொய்யை நம்பி நீ கையெழுத்துப் போடுவாய் என்று நினைக்கவே இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. வாய்க்கால் புறம்போக்கில் நம் குடிசை இருக்கிறது. வந்துவிடு கண்ணு.

அப்பா

---

வால்பாறை,
2-4-1975

அப்பாவுக்கு,

வீட்டைக் காலி செய்துவிட்டேன். பக்கத்து லயன் ராஜாத்தி அக்காவோடு வேறு எஸ்டேட்டுக்குப் போகிறேன். தினக்கூலிதான். விலாசம் இப்போது தர மாட்டேன். தந்தால் நல்லபடி இருக்கிறோம் என்று எழுதுவீர்கள். நிஜமாகவே நீங்கள் நன்றாக இருந்தாலும் என்னால் அதை நம்ப முடியாது. அம்மாவின் முழங்காலைக் கவனியுங்கள்.

அந்த விதை இங்கே காடு முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது அப்பா. அன்றைக்கே நடந்ததை எழுதியிருந்தால், அடுத்த தபாலில் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருப்பேன். உழுதுடுங்கப்பா என்று.

செவ்வந்தி