அப்பா படத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு

என் அப்பாவுக்கு, உங்கள் அம்மணி எழுதிக்கொள்வது.

முதலில் மன்னித்துவிடுங்கள். கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன். அதுவும் மடித்து உறையில் போடாமல், நாலு பேர் நின்று படிக்கிற இடத்தில் ஒட்டப்போகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "எதுக்கு அம்மணி இதெல்லாம், ஆராச்சும் ஏதாச்சும் நெனச்சுக்குவாங்க" என்றிருப்பீர்கள். எனக்கும் அதே பயம்தான். ஆனால் வாயைத் திறந்து சொல்வதற்கு இது கொஞ்சம் பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கு வேலை கிடைத்தது அப்பா. கோயமுத்தூரில் ஒரு கலை மையம். ஒரு காலத்தில் மோட்டார் பம்பு செய்த பட்டறை அது. இப்போது பின்பக்கம் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஓவியமும் சொல்லித் தருகிறார்கள். முன்பக்கப் பெரிய கூடத்தில் மாதம் ஒரு கண்காட்சி. என் வேலை அந்தக் கூடத்தில். "பொண்ணு பி.காம் முடிச்சுப்போட்டு ஆபீசுல படம் மாட்டறாளுங்க" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

ஒரு மாதம் ரிட்டயரான டீச்சர்கள் வரைந்த பூக்கள் இருக்கும். அடுத்த மாதம் பிள்ளைகள் செய்த களிமண் பொம்மைகள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்குவோம். ஆணி பிடுங்கிய ஓட்டைகளில் பட்டி வைத்து, உப்புத்தாளில் தேய்த்து, வெள்ளை அடித்துவிடுவோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அங்கே எதுவும் இருந்த சுவடே இருக்காது. அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே திக்கென்று இருக்கும். மற்றவர்களுக்கு அப்படி இல்லை போலிருக்கிறது.

இந்த மாதம் சென்னையிலிருந்து தினகர் என்ற போட்டோகிராபரின் படங்கள். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னையை நம்பிப் பிழைக்கிறவர்களை எடுத்திருக்கிறார். பெட்டியைப் பிரித்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன். ஒன்றை உருவினேன், உள்ளே நீங்கள்.

தரையில் நிறுத்தினால் என் நெஞ்சு வரைக்கும் வருகிற பெரிய படம். பின்னால் கொப்பரைக் களம், காயப்போட்ட தேங்காய் மூடிகள் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாகக் கிடக்கின்றன. சட்டை இல்லாமல், தோளில் துண்டோடு, நேராக என்னையே பார்க்கிறீர்கள். கொப்பரை வாசம்கூட அடித்தது. அது பொய் என்று தெரியும். இருந்தாலும் அடித்தது.

"கண்ணாடி ஜாக்கிரதைம்மா" என்றார் மாலதி மேடம். எங்கள் மையத்தின் பொறுப்பாளர். "சரிங்க மேடம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வெட்கப்பட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயம். சொன்னால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். உங்கள் பக்கத்தில் நிற்கவைத்து இன்னொரு படம் எடுப்பார்கள். திறப்பு நாளன்று மைக்கைக் கையில் கொடுத்து, அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்பார்கள். பேசாமல் மட்டம் பார்த்து, ஆணி அடித்து, நானே உங்களைச் சுவரில் மாட்டினேன்.

வீட்டில் மாட்டியிருக்கும் படம் உங்கள் வோட்டர் கார்டிலிருந்து பெரிதாக்கியது. கண் பாதி மூடியிருக்கிறது, ஒரு காது இல்லை. அம்மா அதற்குத்தான் தினமும் பூ வைக்கிறாள். "இது உங்கப்பா மாதிரியே இல்ல, ஆரோ மாதிரி இருக்குது" என்று முனகிக்கொண்டே வைப்பாள். அதனால் அவளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. கண்காட்சி திறந்த அன்று ராத்திரி போனில் சொன்னேன். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். "செருப்போடவே போலாமுங்கக்கா" என்றார் வாட்ச்மேன் முருகேசண்ணன். "இருக்கட்டுங்க" என்று வெறுங்காலோடு வந்து உங்கள் முன்னால் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் உங்களைத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஊட்டுல கூப்ட்டாக் காது கேக்காது. இங்க வந்து ஏசில நிக்கறீங்களா? சட்டை எங்கீங்க? சளி புடிச்சா ஆரு பாக்கறது?"

பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்; அதே முந்தானையால் கண்ணாடியையும் துடைத்தாள். யாரோ கழிவறை எங்கே என்று கேட்க, நான் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன். அதற்குள் புறப்பட்டுவிட்டாள்.

வழியனுப்பக் கூடவே போனேன்; பஸ் ஸ்டாப்பில்தான் சொன்னாள். "மாசாணியம்மன் குங்குமம் கொண்டாந்திருந்தேன் அம்மணி. உங்கப்பா நெத்தி எட்டல. கீழ ஒரு அட்டை ஒட்டியிருந்துச்சே, அதுல ஒரு பொட்டு வெச்சுப்போட்டேன். தப்பில்லீல்ல?"

அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன் அப்பா. உங்களுக்குத் தெரிய நியாயமில்லை: ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பேர் எழுதிய ஒரு சின்ன அட்டை இருக்கும். படம் விலை போய்விட்டால் அந்த அட்டையில் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். எல்லாக் கண்காட்சியிலும் அதுதான் வழக்கம். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

ஓடிவந்து பார்த்தேன். "களம், பொள்ளாச்சி" என்று அட்டையில் எழுதியிருக்கிறது. உங்கள் பேர் இல்லை. அந்த எழுத்துக்குப் பக்கத்தில், ஸ்டிக்கர் ஒட்டும் அதே இடத்தில், அச்சு வைத்த மாதிரி ஒரு பொட்டு. துடைக்கத்தான் போனேன். நீங்கள் போனதிலிருந்து அவள் நெற்றியில் வைத்துக்கொள்ளாத குங்குமம் அது. கை வரவில்லை.

மறுநாள் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, அவசரமில்லாத நடை. அவிநாசி ரோட்டில் புதிதாக ஓட்டல் கட்டுகிறாராம். உங்கள் முன்னால் வெகுநேரம் நின்றார். "நம்ம மண்ணு மனுசன்னு பாத்ததுமே தெரியுதில்லீங்க? நம்ம டைனிங் ஹாலுக்கு இதுதானுங்க வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு குனிந்து அட்டையைப் பார்த்தார். "அடடா! ஏனுங்க அம்மணி, வித்துப்போச்சுங்களா?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "ஆரோ முந்திப்போட்டாங்க" என்று மாலதி மேடத்திடம் போய் வருத்தப்பட்டார்.

மேடம் வேகமாக வந்தார். இந்தப் படத்தை யாருக்கும் விற்கவில்லையே என்று நகத்தால் ஸ்டிக்கரைக் கிள்ளப் பார்த்தார். விரல் சிவந்தது. மோந்து பார்த்தார். "இது ஸ்டிக்கர் இல்ல. குங்குமம்!"

முருகேசண்ணன் கதவுப் பக்கத்திலிருந்து, "எங்கூர்ல ஊட்டு மாட்டுக்குத்தானுங்க மேடம் பொட்டு வெப்போம். இங்கதான் வித்துப்போனதுக்கு வெக்கறீங்க. ஆரோ கொழம்பிப்போட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரு வெச்சது?" மேடம் சுற்றிப் பார்த்தார். கோபமில்லை, வேடிக்கையாகத்தான் கேட்டார்.

"எங்கம்மாங்க."

"உங்கம்மாவா? எதுக்கு?"

"அது எங்கப்பாங்க."

எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. "என்ன சொன்னே?" என்று மேடம் பக்கத்தில் வந்தார். மறுபடியும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முருகேசண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நான் ஒரு கூறுகெட்டவன் கண்ணு, மனசுல வெச்சுக்காத" என்றார். ஓட்டல்காரர் உங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களே சொல்லுங்க அம்மணி. வேண்டாம்னா விட்டுப்போடறனுங்க. குடுத்தீங்கன்னா மரியாதையா வெச்சுக்கறேன்."

மேடம் அங்கிருந்தே தினகர் சாருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அவர் பதறிவிட்டார். "ஐயோ, இறந்துட்டாரா? எனக்குத் தெரியாதுங்களே! நான் கேட்டுட்டுத்தான் எடுத்தேம்மா. கண்காட்சியில வைப்பேன், யாராவது பிரியப்பட்டா விப்பேன்னுகூடச் சொன்னேன். 'ஆகட்டுங்க'ன்னார். ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதான் முடிவு. உங்க வீட்டுக்கு ஒரு பிரதி எப்படியும் தந்துடறேன்."

எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள் அப்பா. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அதட்டியிருந்தால் அழுதுவிட்டு ஒதுங்கியிருப்பேன். இவர்கள் என்னைக் கேட்கிறார்கள். என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

'ஆகட்டுங்க'. தினகர் சார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. அவர் ஊரில் அது சம்மதமாகத்தான் இருக்கும். எனக்கல்லவா தெரியும், நீங்கள் அந்த ஒரே வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்வீர்கள் என்று? நெஞ்சு வலி வந்தபோது டாக்டர், "இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்றார். "ஆகட்டுங்க" என்று கும்பிட்டீர்கள். அவர் திருப்தியாக அடுத்தவரைக் கூப்பிட்டார். நீங்கள் வெளியே வந்து நேராகப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தீர்கள். "என்னங்கப்பா?" என்று பின்னாலேயே ஓடிவந்தேன். "களத்துல காய் கெடக்குது அம்மணி, மேகம் போட்டிருக்குது பாரு" என்றீர்கள். அந்த மாதம் தாண்டவில்லை நீங்கள்.

தினமும் காலையில் கூடத்தைத் திறந்ததும் உங்கள் விளக்கை மட்டும் போட்டுவிட்டு நின்று பார்க்கிறேன். முதல் நாள் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணை உறுத்துகிறது. துண்டின் நுனியை விரலில் சுருட்டிப் பிடித்திருக்கிறீர்கள். என் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கும்போது அப்படித்தான் பிடிப்பீர்கள். களத்துக்காரர் காரிலிருந்து இறங்கினாலும் அப்படித்தான். அந்தக் கேமராவைப் பார்த்து என்ன பயம் உங்களுக்கு? சீக்கிரம் எடுத்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்ததா? இல்லை, வெயிலில் கண் கூசியது, நான்தான் என் பயத்தை உங்கள் விரலில் பார்க்கிறேனா?

வேண்டாம் என்று சொன்னால் உங்களைப் பெட்டியில் போட்டுச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஏதோ ஒரு இருட்டு அறையில் சாத்திவைப்பார்கள். சரி என்று சொன்னால் முன்பின் தெரியாதவர்கள் சாப்பிடுகிற இடத்தில், அவர்கள் தலைக்கு மேலே, சட்டையில்லாமல், வருஷக்கணக்கில் நிற்பீர்கள். இரண்டையும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. அம்மாவைக் கேட்டேன். "நீதானே படிச்சவ, நீயே ஒரு முடிவு சொல்லு அம்மணி" என்று போனை வைத்துவிட்டாள். படித்த படிப்பில் இதற்குப் பாடம் எதுவும் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. வருகிறவர்கள் கண்காட்சியைப் பற்றித் தோன்றுவதை எழுதி ஒட்டலாம். இந்தக் கடிதத்தை நாளைக்கு அங்கே ஒட்டப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தினகர் சாரும் ஓட்டல்காரரும் உள்ளே வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுத்தான் வரவேண்டும்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நீங்கள் எங்கே போவதானாலும் பேரில்லாமல் அனுப்ப மாட்டேன். அவர்கள் எல்லோரும் நிற்கும்போது, யாரும் "என்ன சொன்னே?" என்று திருப்பிக் கேட்காத மாதிரி, "இவர் ரங்கசாமி" என்று சொல்வேன். அட்டையை மாற்றி எழுதவைத்து, அதை என் கையாலேயே ஒட்டுவேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கேட்கப் பயந்துதான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். அப்பா, அன்றைக்குக் களத்தில் நீங்கள் சொன்னது எந்த 'ஆகட்டுங்க'? ஞாயிற்றுக்கிழமைக்குள் கனவிலோ எப்படியோ வந்து எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. இப்போதாவது சொல்லலாம், இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்கிட்டயும் வந்து "ஆகட்டும் அம்மணி"ன்னு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிடாதீங்க.

உங்கள் வாயைப் பார்த்தபடி நிற்கும்
உங்கள் மகள்,
பூங்கொடி