ராணிக்குச் சுடுகளம் தேடினோம், மச்சான்

என் ஆசை மச்சான் சிவத்துக்கு,

உமது முதலாம் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. லண்டன் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் எல்லாரும் சுகம். ஒரு புதினம் சொல்லத்தான் எழுதுகிறேன். உமது மனைவி, என் தங்கச்சி ராணி, உமது வேட்டைத் துவக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஒவ்வொரு ஒக்ரோபரிலும் எசெக்ஸ் பண்ணைக்காரர் பீற்றரோடு பெசன்ற் கோழி வேட்டைக்குப் போவீரே, துவக்கோடு நிற்கிற அந்த வரிசையில் உமது இடத்தை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ராணி தானே போய்க் கேட்டாள். "வாருங்கள். ஆனால் முதலில் வானத்தில் எறிகிற களிமண் தட்டைச் சுட்டுப் பழக வேண்டும். நீங்கள் கவனமாகச் சுடுகிறீர்கள் என்று ஒரு பயிற்சியாளர் எனக்குச் சொல்ல வேண்டும்" என்றார். பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்த்து லைசென்சும் கொடுத்தாயிற்று. பழகத்தான் இடமில்லை.

நீர் போய்வந்த மைதானத்தை மூடிவிட்டார்கள். பக்கத்தில் புதுவீடுகள் வந்து, சத்தம் என்று முறைப்பாடாம். மஞ்சள் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்து நான் ஒவ்வோர் இடமாக எடுத்துக் கேட்டேன். ஒரு கழகத்தில் வசந்த காலத்தில்தான் புது ஆட்களைச் சேர்ப்பார்களாம். கென்ற்றில் ஒரு வயலுக்குப் போனோம். கோதுமை இன்னும் வெட்டவில்லை, பிறகு வாருங்கள் என்றார்கள். பரீட்சை நெருங்கியும் பாடப்புத்தகம் கிடைக்காத பிள்ளையைப்போல ராணியின் முகம் சுருங்கிக்கொண்டு வந்தது.

"புரட்டாசிச் சனியிலை சுடப் போறியே, பிள்ளை?" என்று காரை ஓட்டிக்கொண்டே பேச்சை மாற்றிப் பார்த்தேன்.

"அவர் எத்தினை வருசம் போனவர்? சுடுறது சனி, சமைக்கிறது ஞாயிறு. நீங்கள் றோட்டைப் பாருங்கோ அண்ணை, எக்ஸிற் தப்பப்போகுது."

கடைசியில் எப்பிங்குக்கு அப்பால் ஒரு பண்ணையில் இடமும் பயிற்சியாளரும் கிடைத்தார்கள். வேட்டைக்கு முந்திய ஞாயிறு. அதை விட்டால் வேறு நாளில்லை.

பறக்கிற தட்டுக்குச் சற்று முன்னால் சுடவேண்டும், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் அது வந்து நிற்கப்போகிற இடத்துக்கு ஓடுவதுபோல, என்று என் பழைய வாத்தியார் குணத்தில் நான் தொடங்கினேன்.

"அண்ணை, இது வகுப்பில்லை. அங்காலை நில்லுங்கோ."

இத்தனை வருடம் உமக்குப் பின்னால் நின்று பார்த்தவள் அல்லவா?

"விடு" என்று தமிழில்தான் கத்தினாள். தட்டு எறிகிற இயந்திரத்தடியில் நின்றவருக்கு அது போதுமாக இருந்தது. முதலில் தட்டுகள் தப்பிப் போயின. பிறகு ஒன்று தூளானது. பிறகு இன்னொன்று. திடீரென்று பயிற்சியாளர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடிவந்தார். ராணியின் வலக்கன்னம் சிவந்திருந்தது. துவக்கு உதைத்து இரத்தம் வருகிறதென்று பயந்துவிட்டார், பாவம்.

இரத்தமில்லை, மச்சான். புதுக்காருக்கு வைப்பதுபோல, காலையில் துவக்கைச் சாமியறையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசியிருக்கிறாள். கன்னத்தைத் துவக்குக் கட்டையில் அழுத்தியபோது ஒட்டிக்கொண்டது. நீர் போனபிறகு நெற்றியில் குங்குமம் வைக்காதவள். நான் கைக்குட்டையை நீட்டினேன். கன்னத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தாள்.

"கிடக்கட்டும்" என்று அடுத்த தோட்டாவைப் போட்டாள்.

அன்று வீடு வரும்வரை அவள் அதைத் துடைக்கவில்லை. கண்டிருந்தால் நீர் என்ன சொல்லியிருப்பீர்?

பயிற்சியாளர் பீற்றருக்குச் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை உமது இடத்தில் ராணி நிற்பாள். எனக்குக் கண் தெரிகிற காலம்வரை, ஒவ்வொரு வருடமும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். அது என் பொறுப்பு.

ராணியின் அண்ணன்,
என்றும் உமது மச்சான்,
இராசையா