சந்திரம்மா வீட்டு மீட்டர்

மாமல்லபுரம்
14-9-78

என் செல்ல மகன் மாயவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உடம்பைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். மனசைப் பற்றிப் பின்னால் வருகிறேன், வந்து உன்னையும் ஒரு பிடி பிடிக்கிறேன்.

மதுராந்தகத்தில் உன் தங்கைக்கு இது ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது, இப்போது மாங்காய் கேட்டு மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்துகிறாளாம். ஏரிக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று அவருக்கு அந்தக் கவலை வேறு. நம் தெருவில் விடிந்தால் கல் கொத்துகிற சத்தம்தான், புதிதாக இன்னொரு பட்டறை போட்டிருக்கிறார்கள், தலைவலி தாங்கவில்லை. நீ அனுப்பிய ஸ்வெட்டரை உன் அப்பா ஒரு நாள் போட்டுப் பார்த்தார், வேர்த்துக் கொட்டிவிட்டது, இந்த ஊருக்கு எதற்கடா ஸ்வெட்டர்.

போன கடிதத்தில் உன் கம்பெனி மிஷினைப் பற்றி எழுதியிருந்தாய். கரண்ட் மீட்டரைப் பார்க்க ஆள் வீட்டுக்கு வரவே வேண்டாம், மீட்டரே டெலிபோன் கம்பி வழியாகத் தன் கணக்கை ஆபீசுக்குச் சொல்லிவிடும், இப்போது சில வீடுகளில் வைத்துச் சோதித்துப் பார்க்கிறோம் என்று. வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிற உன் அப்பா அதைப் படித்துவிட்டு, “அப்ப எனுக்கு இன்னா வேல, வூட்ல குந்திக்க வேண்டியதுதான்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதில் ஒரு மிஷினை உடனே இங்கே அனுப்பு, அதைக் கடற்கரைத் தெருவில் சந்திரம்மா வீட்டில் மாட்டு என்று எழுதத்தான் அன்றைக்கே நினைத்தேன்.

சந்திரம்மாவை உனக்குத் தெரியாது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு இந்த ஊருக்கு வந்தவள். புருஷன் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறாள், அவர்களுக்காக டெலிபோன்கூட வைத்திருக்கிறாள், மடிப்புக் கலையாத நைலக்ஸ் புடவை, பேச்சில் பாதி இங்கிலீஷ். அவள் வீட்டு மீட்டர் வாசலில் இல்லை, உள்ளே சமையல்கட்டுக் கதவுக்கு மேலே இருக்கிறது. அதனால் கணக்கெடுக்கிறவர் உள்ளே போகத்தான் வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தெருவுக்குக் கணக்கெடுக்கப் போகிற நாளில் உன் அப்பா செய்கிற அலங்காரத்தை நீ பார்க்க வேண்டும். காலையில் முகச்சவரம், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பவுடர். டார்ச்சைக்கூடத் துடைத்து எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்தால் என் காபியைத் தொடமாட்டார், அங்கே குடித்தாகிவிட்டதாம். நம் வீட்டு மீட்டரை மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுப் போகிற மனுஷன். இத்தனை வருஷத்தில் என் சமையல்கட்டுக்குள் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்திருப்பாரா என்று யோசித்தேன், வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் எரிந்ததுதான், உன்னிடம் மறைப்பானேன்.

இது போதாதென்று மீன்காரி ஆதியம்மாள் வந்து கொளுத்திப் போட்டாள். அவள் சந்திரம்மா வீட்டுக்கும் மீன் கொடுக்கிறவள். “இன்னா வச்சலா, உன் வூட்டுக்காரரு அந்தம்மா வூட்ல அவ்ளோ நேரம் குந்திகினு கீறாரு, லைன் வந்துச்சா லைன் வந்துச்சான்னு கேட்டுக்கினே கீறாரு” என்றாள். கரண்ட் ஆபீஸ்காரர் பெண்டாட்டியிடம் போய் லைன் என்று சொன்னால் எனக்கு என்ன தோன்றும்? லைன் போனால் வயர்மேன் வருவான், கம்பம் ஏறுவான். கணக்கெடுக்கிறவருக்கும் லைனுக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் அன்றைக்குக் காலையில் நம் வீட்டு ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவுக்கும் நமக்கும் ஒரே லைன். வராத லைனுக்காக ஒரு மனுஷன் ஒரு பொம்பிளை வீட்டில் காத்திருக்கிறார் என்றால் அது எந்த லைன் என்று எனக்குத் தூக்கமே போயிற்று. உன் தங்கையிடம் சொல்ல வாய் வரவில்லை, பிள்ளைத்தாய்ச்சியிடம் இதையா சொல்வது. மதுராந்தகத்துக்கே போய்விடலாமா என்று பெட்டியை இறக்கிக்கூட வைத்தேன்.

திங்கட்கிழமை மறுபடி அந்தத் தெருவுக்குக் கணக்கு. சவரம், பவுடர் எல்லாம் நடந்தது. நான் கொஞ்சம் விட்டு, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கையோடு பிடித்து நாலு பேர் பார்க்கக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். கொல்லைப்பக்கம் கதவு திறந்திருந்தது. உள்ளே சந்திரம்மா அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா அந்தப் பக்கம் கூடத்தில், டெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். “நல்லா கீறேன் நைனா, அம்மாவும் நல்லா கீது. அதாண்ட இன்னும் சொல்லல, சொன்னா அயும், குடுக்கற மூணு நிமிசமும் அயுகையிலயே பூடும், நீ பேசு நைனா, நீ பேசு.”

அவர் நைனா என்று கூப்பிடுவது இந்த உலகத்தில் உன் ஒருவனைத்தான். குடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையிலிருந்து பிடுங்கிக் காதில் வைத்தேன். கொர்ர் என்றது. கட்டாகிவிட்டது. இதுதானா அந்த லைன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா திருதிருவென்று முழித்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தார். பேச ஒரு டெலிபோன் நம்பர் வேண்டும் என்று நீ அவருக்கு ஆபீஸ் விலாசத்தில் எழுதிக் கேட்டதும், அவர் இந்த வீட்டு நம்பரைக் கொடுத்ததும், கணக்கெடுக்கிற நாள் என்றால் நான் கேள்வி கேட்கமாட்டேன் என்று இரண்டு பேரும் அந்த நாளையே பிடித்துக்கொண்டதும் சந்திரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவள் காபி கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. பிறகு ஆசையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள், “உங்க புள்ள குரலு அப்டியே அவுங்க அப்பா குரலுதாம்மா, இப்ப கொஞ்சம் கனமா ஆயிட்ச்சு.”

மாயவா, உன் குரல் கனமாகிவிட்டது என்று யாரோ ஒருத்தி எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. நீ விமானம் ஏறிப் போனதிலிருந்து உன் குரலை நான் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கிறாள், உன் அப்பா எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவர்போல மோர்க்குழம்பு சாப்பிட்டிருக்கிறார். முன்பு அவள்மேல் இருந்த பொறாமை இப்போது அப்படியே உன் அப்பா மேல் திரும்பியிருக்கிறது. அது இரண்டு மடங்கு. ஊரான் வீட்டு மீட்டருக்கெல்லாம் ஆபீசோடு பேசக் கம்பி கொடுக்கிற பிள்ளைக்கு, பெற்றவளோடு பேசக் கம்பி கிடைக்கவில்லையா?

இரண்டு நாளாக உன் அப்பாவே காபி போடுகிறார். போடட்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளி. பனியில் காதை மூடிக்கொண்டு போ. கண்ணேறு படாமல், எடுத்த வேலை கைகூடி, நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அந்த மிஷினை மட்டும் இந்த ஊர்ப் பக்கம் அனுப்பிவிடாதே, சந்திரம்மா வீட்டுக்குக் கணக்கெடுக்க ஆள் போய்த்தான் ஆக வேண்டும். அடுத்த தரம் டார்ச் பிடிக்க நானும் போகிறேன். டெலிபோனை நான்தான் எடுப்பேன். நான் அழுதால் நீ பேச்சை நிறுத்தாதே, பேசிக்கொண்டே இரு. மூன்று நிமிஷமும் அழுதாலும் அது என் மூன்று நிமிஷம்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
க. வச்சலா