வாங்குகளை வட்டமாகப் போட்டேன்

9-10-61, திங்கள்
காலையிலிருந்து தூறல். தகரக் கூரை ஒழுகி வகுப்பு மூலையெல்லாம் சேறு. பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை வரிசையிலிருந்து எடுத்து வட்டமாகப் போட்டேன். நடுவில் சாக்கு விரித்து, காய்ந்த கொக்கோக் கொட்டை. ஐந்தாம் வகுப்பு, வகுத்தல். எழுப்பிக் கேட்டால் வாயே திறக்காத பாக்கியம், கொட்டைகளைக் கூறு போட்டு எண்பத்தாறை ஏழால் வகுத்து மீதியும் சொன்னாள்! பக்கத்துப் பிள்ளைக்கும் அவளே வாத்தியார். "ஆளுக்கு ஒன்னொன்னா வச்சிக்கிட்டே போ. மிஞ்சுறத தனியா வை."

பயிற்சிக் கல்லூரியில் சொன்னது சரிதான். கைக்குப் பிடிபட்டால் பிறகு வாய்க்கு வரும். பயந்த பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது.

10-10, செவ்வாய்
மழை இல்லை. வாங்க: சுண்ணக்கட்டி, மண்ணெண்ணெய், அம்மாவுக்குத் தைலம்.

தலைமை ஆசிரியர் (த.ஆ.) வந்து வாங்குகளைப் பார்த்தார். "டீச்சர், இதென்ன சந்தைக்கடையோ? வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் பரீட்சைக்கு வாறார். நேராப் போடும்."

அதோடு விட்டாரா? பரீட்சை நாளில் 'மக்குப் பிள்ளைகளை' வீட்டில் நிறுத்துவது இங்கே வருஷா வருஷம் வழக்கம். பள்ளிக்கு நல்ல பெயர் வேண்டுமாம். நான்கு பெயர் தந்தார். பாக்கியமும் ஒருத்தி. அவளுக்குக் கணக்கு வரும் என்றேன். எழுப்பிக் கேட்டார். பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "பாத்தீரோ? அவள் வராட்டியும் வகுப்பேத்திறதைப் பிறகு நான் பாக்கிறன்."

நம்பினேன். பாஸானால் டவுன் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் தோட்ட வேலைக்குப் பேர் பதிவதென்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். தெரிந்தும் தொழிலாளர் லயத்துக்கு, அவள் வீட்டுக்குப் போய், "வியாழக்கிழமை பாக்கியத்த அனுப்ப வேணாங்க" என்றேன். காரணம் சொல்ல வெட்கம். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

12-10, வியாழன்
வரிசை வாங்கு. வாய்ப்பாடு ஒப்புவித்தார்கள், கோயில் மணி மாதிரி. இன்ஸ்பெக்டர் கண்ணில் கொக்கோச் சாக்கு பட்டுவிட்டது. எதற்கென்று சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நல்ல வேலை டீச்சர். யாராவது செஞ்சு காட்டுங்க."

ஒருத்தி எழுந்தாள். கொட்டையைத் தொட்டவள் த.ஆ. முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். வேறு யாரும் அசையவில்லை. செய்யக்கூடியவள் வீட்டில்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு, பாக்கியத்தை வகுப்பேற்றுவது பற்றி த.ஆ.விடம் கேட்டேன். "வராத பிள்ளைக்கு நான் என்ன செய்யிறது? வரவு இடாப்பில வரவில்லை எண்டு நீர்தானே எழுதினீர்." கோபம். அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

14-10, சனி
லயத்துக்குப் போனேன். பாக்கியத்தின் அப்பா வாசலில்.

"பேர் பதிஞ்சாச்சு டீச்சர். திங்கக்கெழமையிலருந்து வேல."

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்டேன்.

"நீங்கதானே அனுப்ப வேணாம்னீங்க. டீச்சரே சொல்றாங்க, புள்ளைக்குப் படிப்பு ஏறலன்னு புரிஞ்சிக்கிட்டேன்."

கத்திவிட்டேன். "ஏறிச்சுங்க! அந்த வகுப்பிலேயே அவளுக்குத்தான் நல்லா ஏறிச்சு!"



"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்."