பெயர் ஒட்டாத பாட்டில்

என் பிரியத்துக்குரிய ஜெயராணி அண்ணிக்கு,

கம்பெனி நடக்கிறது. நீங்கள் முதலில் கேட்கப்போவது அதுதான் என்பதால் அதையே முதலில் சொல்லிவிட்டேன். நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறார், வேன் ஓட்டுகிறார், அதிகம் பேசுவதில்லை. நான் நன்றாக இல்லை, அண்ணி. போன் அடித்தால் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஐந்து பெண்களோடு நீங்கள் தொடங்கிய வேலை இது. பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கழுவிவிடுவதில் ஆரம்பித்து, கல்லூரி விடுதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வளர்த்தீர்கள். துப்புரவு, காவல், தண்ணீர் மோட்டார், தோட்டம் எல்லாவற்றுக்கும் நம் ஆட்களே போனார்கள். 'பெசிலிட்டி மேனேஜ்மென்ட்' என்று போர்டு மாட்டிய அன்று, "இது என்னங்க, கம்ப்யூட்டர் கத்துக்குடுக்குற எடமா?" என்று ஓர் ஆட்டோக்காரர் கேட்டாரே. "ஒரு கட்டடம் ஒழுங்கா மூச்சு விடணும்ல, அதப் பாத்துக்குறதுங்க" என்றீர்கள். மூச்சு என்ற சொல்லை இப்போது என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அரியலூரில் நாம் எடுத்திருந்த மூன்று மாடி ஆஸ்பத்திரி நினைவிருக்கிறதா? அங்கே திங்கட்கிழமை ஆய்வுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலையே நான் போய்விட்டேன். இரண்டாம் மாடிக் குளியலறைகளில் மஞ்சள் கறை போகவே இல்லை. ஆசிட் பெரிய கேனில் வந்திருந்தது, அதை ஒவ்வொரு மாடிக்கும் தூக்க முடியாது. தரை துடைக்கும் மருந்து தீர்ந்துபோன காலி பாட்டில்கள் நான்கு கிடந்தன. அவற்றில் ஆசிட்டை நிரப்பினேன். பெயர் எழுதி ஒட்டும் தாள் தீர்ந்திருந்தது. அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எதையும் பெயரில்லாமல் கையில் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே?

தனலட்சுமியை உங்களுக்குத் தெரியாது. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண், முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையிலிருந்து வந்தவள். சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சொல்லிக்கொடுத்தபடி தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவியிருக்கிறாள். அதன் மேல், தரை துடைக்கும் மருந்து என்று நினைத்து, நான் நிரப்பிய பாட்டிலை ஊற்றிவிட்டாள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியும். வார்டில் ஆண்கள் இருந்ததால் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள்.

நான் வராந்தாவில் இருந்தேன். வாளி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு இருமல். நிற்காத இருமல். கதவிடுக்கு வழியாக ஒரு நெடி வந்து என் தொண்டையைப் பிடித்தது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணி. எந்த பாட்டில், யார் நிரப்பியது, எல்லாம் தெரிந்துவிட்டது.

"தனம், தாப்பாளத் தொறடி" என்று கத்தினேன். இருமலும் நின்றது. நின்றதுதான் என்னை இன்னமும் பயமுறுத்துகிறது. உங்களோடு முதல் நாளிலிருந்தே இருக்கும் பாக்கியம் அக்கா ஓடிவந்தார். அவரும் நம் வாட்ச்மேனும் கதவை இடித்துத் திறந்தார்கள். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பாக்கியம் அக்காதான் உள்ளே போய் அவளை இழுத்து வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்ததால் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துக்கொண்டாள். கொஞ்ச காலம் படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று டாக்டர் சொன்னார்.

இனி எழுதப்போவதை முதலில் அண்ணனிடம்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி நிர்வாகி மறுநாளே என்னைக் கூப்பிட்டார். தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். "புது ஆளு, சொன்னதக் கேக்காம தானாக் கலந்துடுச்சு. அவ்வளவுதாங்க. கையெழுத்துப் போட்டுட்டா உங்க காண்ட்ராக்ட் அப்படியே இருக்கும்." அந்த இடத்தில் மட்டும் நம் பெண்கள் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயந்துதான் போட்டேன். போலீஸ், விசாரணை, பேப்பரில் நம் பெயர், உங்கள் பெயர்.

அன்று மாலை தனத்தைப் பார்க்கப் போனேன். பேச்சு காற்றாகத்தான் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தான் பாத்து ஊத்தியிருக்கணும்க்கா. ஒங்களுக்குக் கெட்ட பேரு ஆயிடுச்சு. வேலைய விட்டு மட்டும் நிறுத்திடாதீங்க."

அவள் போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன். வேனில் ஏறியதும் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அண்ணி இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டேன். அண்ணன் வண்டியை ஓரம்கட்டினார். "அவ இல்ல, பிலோ. அவள முன்னால நிறுத்திட்டு நீ பின்னால ஒளிஞ்சுக்காத. நீ என்ன பண்ணப்போற, அதச் சொல்லு."

மறுநாள் நிர்வாகியிடம் போய் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. அதனால் வேறொரு தாளில் என் கையாலேயே எழுதினேன். பாட்டிலை நிரப்பியது நான், பெயர் ஒட்டாதது நான், முதலில் போட்ட கையெழுத்து தவறு. ஒரு பிரதியைத் தொழிலாளர் ஆபீஸிலும் கொடுத்துவிட்டு வந்தேன். "யோசிச்சுத்தான் பண்றீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார் நிர்வாகி. மாதக் கடைசியோடு காண்ட்ராக்டை முடித்துக்கொண்டார்கள்.

பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குக் கல்லூரி விடுதிகளில் இடம் பிடித்துவிட்டேன். ஐந்து பேர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எதிரே வந்தால் பார்க்காதது போலப் போகிறாள். நான் சரியானதைச் செய்தேன் என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

தனத்திடம் சொன்னதுதான் இதையெல்லாம்விடக் கஷ்டம். அவள் வீடு திரும்பிய பிறகு போனேன். முற்றத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். சொல்லி முடித்தேன்.

"அப்ப அது நான் பண்ணுன தப்பு இல்லயா?"

"இல்ல, தனம்."

"நாலு நாளு அந்தக் கட்டில்ல கெடந்து, எம் புத்தியக் கொண்டுபோய்க் கொளுத்தணும்னு அழுதேங்க்கா. நீங்க வந்து பாத்துட்டுப் போனீங்கள்ல. அப்பயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ ஆறிப்போயிருந்தது. அவள் வேறு டீ போடுகிறேன் என்று சொல்லவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் வேலைக்கு வந்தாள். மாடி இல்லாத பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறேன். என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. தூரத்தில் அவள் இருமினால் நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். அது வெறும் இருமல்தான் என்று தெரிந்ததும் திரும்பி வருகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்காதீர்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை தொழிலாளர் ஆபீஸில் விசாரணை. என் தாளும் இருக்கும், நான் பொய்யாகக் கையெழுத்திட்ட தாளும் இருக்கும். என்ன சொல்வார்கள், கம்பெனியை நடத்த விடுவார்களா, ஒன்றும் தெரியாது. தனத்தையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "என்ன சொல்லப்போற?" என்று நேற்று கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டேன். "நடந்ததச் சொல்லுவேன்" என்றாள். நான் தலையாட்டினேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மனம் சொல்கிறது, அவள் வாயைத் திறக்கப்போகிறாள் என்று நினைத்தால் உடம்பு வேர்க்கிறது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணி. அவள் சொல்ல வேண்டிய அவசியம் வருவதற்கு முன்னால் நான் எழுந்து சொல்லிவிடுவேன். பயம் போகாது. அதோடுதான் எழுந்திருப்பேன்.

உங்கள் கைபிடித்து வேலை கற்ற
உங்கள் நாத்தனார்
பிலோமினா