நான் புகழ்ந்த பூட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலம். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆற்றில் இறங்கி மீன்பிடிக்க ஒரு ரப்பர் அடி பூட்ஸை மூன்றே நாள் போட்டுவிட்டு "பாறையைப் பல்லி மாதிரி பிடிக்குது" என்று வீடியோ போட்டேனே, அதை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. ஓர் ஆற்றின் பாசி இன்னொன்றுக்குப் பரவாமலிருக்க, ஒவ்வொரு ஆறு மாறும்போதும் பூட்ஸை வெந்நீரில் ஊறவைக்கிறோம். பத்தாவது முறை அடியை ஒட்டிய பசை சளி மாதிரி ஒழுகியது. வெந்நீர் பட்டால் உத்தரவாதம் கிடையாதாம், கம்பெனிக்காரன் எழுதுகிறான்.

நேற்று மடாரா ஆற்றுக்கு மீன்பிடி வழிகாட்டியாக வாரன் என்ற பெரியவரைக் கூட்டிப்போனேன். நடு ஆற்றில் அவர் பூட்ஸின் அடி பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கியது. வழுக்கி விழுந்தவரைச் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன்.

"எவனோ ஒரு மடையன் வீடியோவப் பாத்து வாங்கினேன் தம்பி."

"அது நான்தான்."

"தெரியும். அதான் கூட்டிட்டுப் போக நீதான் வேணும்னு கேட்டு வந்தேன்."

வீடியோவை அழித்துவிட்டேன்.

அப்பா, உங்கள் பிறந்தநாளுக்கு நான் அனுப்பியதும் அதே பூட்ஸ்தான். சனிக்கிழமை வழக்கம்போல மீன்பிடிக்கப் போகும்போது அதைப் போட்டு ஆற்றில் இறங்காதீர்கள். போனை நீங்கள் எடுப்பதில்லை, அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவாள். அதனால்தான் விரைவுத் தபால். அம்மா பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். கடையில் வாங்கியது வேண்டாம்.

தபால் வண்டி கிளம்புகிறது. பூட்ஸைக் குப்பையில் போட்டதும் நீங்களே ஒருமுறை கூப்பிடுங்கள், அப்பா. அன்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

லாக்லன்