சுபோவின் படகில் முன் இருக்கை

மே 3, ஞாயிறு

மழை. ஆறு பாகை. பனிச் சப்பாத்துகளைக் கழுவிக் காயவைத்தேன். தூண்டில் பெட்டியையும் திறந்து பார்த்தேன். மூன்று கொக்கி துரு. ரப்பர் மீன்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போய்.

மீன்பிடிக் கழகத்திடமிருந்து கடிதம். நாங்கள் பிடிக்கும் அபோர் மீன் முட்டையிடும் காலம் என்பதால் ஏரிக் குடாக்களில் இனி யூன் நடுப்பகுதி வரை தடை. வடக்குக் குடாவில் யூலை நடு வரை. மஞ்சள் மிதவை கட்டி வைப்பார்களாம். அதனால் மே மாதப் போட்டி யூன் 27 சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது.

யூன் 27 எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை! மூன்று கிழமைக்கு ஒருமுறை வரும் வார இறுதி வேலை, சரியாக அன்றைக்கே வந்து விழுகிறது.

ரொறொன்ரோ மச்சானுக்குப் போன் எடுத்துப் புலம்பினேன். அவனும் அங்கே மீன்பிடிப் போட்டிக்காரன். சிரிக்கிறான். "இஞ்சை பாஸ் மீனுக்கு யூன் கடைசி மட்டும் தூண்டில் போடேலாது மச்சாள். நாங்கள் பழகீட்டம். நீங்களும் பழகுங்கோ."

மே 5, செவ்வாய்

சுபோ வந்தாள். அவள் இருப்பது ரொம்மன், நான் வெஸ்ட்லி, ரெயிலில் இரண்டு நிறுத்தம். ஆறு வருடமாக ஒரே படகு. அவள் துடுப்பு, நான் முன் இருக்கை.

27ஆம் திகதி வேலை என்று சொன்னேன். "பரவாயில்லை, இந்த முறை நீ வேறை ஆரையும் கூட்டிக்கொண்டு போ" என்றேன்.

"ஓகே அக்கா, ஃபிண்ட்" என்றாள், நல்லது என்று நோர்வே மொழியில். வடையை எடுத்துக் கடித்தாள்.

அவ்வளவுதான். "சீ, நீங்கள் இல்லாமல் நான் என்னத்துக்குப் போறது" என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். நான் "இல்லையில்லை, நீ போ" என்பேன். அவள் மறுப்பாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து வேலையை யாரோடு மாற்றலாம் என்று யோசிப்போம். எந்தத் தமிழ் வீட்டிலும் இதுதானே முறை? இவள் நான்கு வயதில் இங்கே வந்தவள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறாள், நோர்வேக்காரி மாதிரி.

மிச்ச வடையை நானே சாப்பிட்டேன். நெஞ்செரிவு.

மே 16, சனி

நல்ல வெயில். நாளைக்கு நோர்வே தேசிய நாள் ஊர்வலம். மகளின் சட்டை அயர்ன் பண்ண வேண்டும், கொடி தேட வேண்டும்.

தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் சுபோ. கூட ஒருத்தி. பெயர் தீபா, கோயம்புத்தூர், கணினி வேலை, வந்து இரண்டு வருடம்தானாம். சுபோவின் புதிய படகுச் சோடி.

"அக்கா, நீங்க வரலைன்னதும் எனக்கு சான்ஸ் கிடைச்சிருச்சு! சூப்பர் தேங்க்ஸ்!" என்றாள். கையை வேறு பிடித்துக்கொண்டாள்.

தீபாவிடம் இருப்பவை:
– தண்ணீருக்கு அடியில் மீனைக் காட்டும் கருவி
– ஈரம் ஏறாத புதிய சப்பாத்து, என் அளவுதான்
– முப்பத்திரண்டு வயது
– சுபோ

சுபோ அவளுக்கு முருங்கைக்காய் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு நாளும் பொறுக்கித் தந்ததில்லை.

யூன் 9, செவ்வாய்

கூட வேலை செய்யும் மரித்தோடு வேலை மாற்றியாயிற்று. 27 அவள் செய்கிறாள், நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் அவளுக்காக நான். வீட்டில் நத்தார் பற்றி இன்னும் மூச்சு விடவில்லை.

சுபோவுக்கும் சொல்லவில்லை. என் மனுசனுக்கு விளங்கவே இல்லை.

"வாயைத் திறந்து கேளுமன். நானும் வாறன் எண்டு சொன்னால் முடிஞ்சுது."

"அவளாக் கேக்கட்டும்."

"உமக்கு வேலையில்லை எண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

சோறு குழைந்துவிட்டது என்று எழும்பிப் போனேன். குழையவில்லை.

கழகத்தில் கரையில் நிற்க ஒரு ஆள் தேவையாம், படங்களைச் சரிபார்க்க. சரி என்று எழுதிவிட்டேன். கடலை மாவு, பால், மகளின் பல் வைத்தியர் வியாழன்.

யூன் 27, சனி

தெற்குக் காற்று, நல்ல பலம். பன்னிரண்டு படகு.

என்னைக் கரையில் கண்டதும் சுபோவின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "அக்கா, வேலை எண்டியள்?" "மாறீட்டுது" என்றேன். அதற்குள் தீபா படகிலிருந்து கூப்பிட்டாள். சுபோ போய்விட்டாள். தீபா என் இருக்கையில்.

என் வேலை சுலபம். மீனை அளவுப் பலகையில் வைத்து, இன்றைய இலக்கத் தகட்டோடு படம் எடுத்து அனுப்பிவிட்டு, மீனைத் தண்ணீரில் விடுவார்கள். நான் படம் சரியா என்று பார்க்க வேண்டும். ஐந்து நீளமான மீன்களின் கூட்டுத்தொகைதான் கணக்கு.

மூன்று மணிக்கு அவர்களின் ஐந்தாவது மீன் வந்தது. நாற்பத்து மூன்று சென்ரிமீற்றர். அதோடு முதலிடம். பலகை சரி, இலக்கம் சரி. பின்னால் கரையில் சிவப்புப் படகுக் கொட்டில். அதன் கதவு தெரிகிறது, உடைந்த பக்கம்.

அந்தக் கதவு வடக்குக் குடாவுக்குள் போனால்தான் தெரியும். மிதவைக்கு உள்ளே. ஆறு வருடம் அங்கே தேத்தண்ணி குடித்த இரண்டு பேருக்குத்தான் அது தெரியும். ஒருத்தி நான். மற்றவள் துடுப்புப் போட்டவள்.

நாலு வருடத்துக்கு முன் என் மீன் ஒன்று குறைந்தபட்ச அளவுக்கு அரைச் சென்ரிமீற்றர் கட்டை. பலகையை ஒரு நூல் தள்ளி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. "விதியெண்டால் விதியக்கா" என்று சுபோ அதைத் தன் கையாலேயே தண்ணீரில் விட்டாள். அன்றைக்கு இரண்டாம் இடம். இன்றைக்கு தீபாவுக்கு விதி இல்லை!

நிராகரித்தேன். காரணம்: தடைப் பகுதி. நியாயத்துக்காகச் செய்தேன் என்று இங்கே எழுதினால் பொய். விதி என் பக்கம் நின்றது, அவ்வளவுதான். படத்தில் தீபா வாயெல்லாம் பல்லாக நின்றாள், அவள் தோளில் சுபோவின் கை. நான் தட்டிவிட்டது அந்தக் கையை.

நாலாம் இடம். தீபா, "அக்கா, நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டுக் கண் கலங்கினாள். அவளுக்கு உண்மையாகவே தெரியாது. சுபோ என்னைப் பார்த்து, "சரியாத்தான் கண்டிருக்கிறியள்" என்றாள். படகைக் கட்டிவிட்டுப் போனாள்.

யூன் 28, ஞாயிறு

போன் வரவில்லை. யன்னல் துடைத்தேன். குளிர்சாதனப் பெட்டி துடைத்தேன். போனையும் துடைத்தேன்.

யூலை 1, புதன்

வெக்கை. இருபத்தெட்டுப் பாகை. வேலையால் வந்து கால் கழுவிக்கொண்டிருக்க மணி அடித்தது. சுபோ.

"காத்து தள்ளிக்கொண்டு போட்டுது அக்கா. மீனை ஏத்தினாப் பிறகுதான் கொட்டிலைக் கண்டனான். அந்தப் பிள்ளைக்கு அதுதான் முதல் பெரிய மீன். சொல்ல வாய் வரேல்லை."

"எனக்கு விதி சொல்ல மட்டும் உனக்கு வாய் வந்துது. அரைச் சென்ரிமீற்றர்."

"அதை இன்னும் வைச்சிருக்கிறியளோ?"

"ஓம்."

பிறகு அவள், "வேலை மாறினதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"நீங்கள்தானே வேறை ஆளைக் கூட்டிக்கொண்டு போ எண்டனீங்கள். என்னோடை வந்து அலுத்துப் போச்சாக்கும் எண்டு நினைச்சன். அண்டைக்கு ரெயிலிலை அழுதுகொண்டு போனனான்."

இரண்டு நிறுத்தமும் அழுதிருக்கிறாள். வடையை அப்படிக் கடித்தவள்! தேத்தண்ணி போட்டேன். சீனி இரண்டு தரம் போட்டுவிட்டேன், அவள் அப்படியே குடித்தாள்.

"செப்டெம்பர்ப் போட்டிக்கு வாறியளோ?"

"தீபா பாவம், அவளையே கூட்டிக்கொண்டு போ" என்பது பல்லு வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"ஓம். வாறன்."

"அப்ப தீபாவுக்கு ஆர்..."

"நான் சொல்றன்" என்றேன், அவள் கேட்டு முடிக்குமுன்.